நெஞ்சைத் திறக்கும் முன்

பைபாஸ் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்திலிருந்து வரும் முதல் கேள்வி, “உயிருக்கு ஒன்றும் ஆகாதே?” அடுத்தது, எவ்வளவு செலவாகும். அதற்கும் அடுத்தது, எப்போது வேலைக்குப் போகலாம். மூன்றுக்கும் இன்று ஓரளவு நிம்மதியான பதில்கள் உண்டு. நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்பவர்கள் குறைவு. மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது கை கால் விளங்குமா, பேச்சு வருமா?

பைபாஸ் செய்துகொள்ளும் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு அறுவையின்போதோ அதையடுத்த சில நாட்களிலோ பக்கவாதம் வருகிறது. நியூயார்க் மாநிலத்தில் 19,000-க்கும் மேற்பட்ட பைபாஸ் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அதில் 1.4 சதவீதம் பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. பக்கவாதம் வராதவர்களில் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 2 சதவீதம். வந்தவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 25 சதவீதம். அடைப்பை எடுக்கப் போன இடத்தில் மூளை அடிபட்டுவிட்டால், நன்றாகத் துடிக்கும் இதயத்தை வைத்துக்கொண்டும் ஒருவர் படுக்கையிலேயே கிடக்க நேரலாம்.

அந்த ஒருவர் யாராக இருக்கக்கூடும் என்பதை அறுவைக்கு முன்பே பெருமளவு கணிக்க முடியும். அந்தக் கணிப்புக்கு வேண்டிய மிக முக்கியமான தகவல் பல நேரங்களில் எந்த ஸ்கேனிலும் அகப்படாமல் நோயாளியின் வீட்டிலேயே தங்கிவிடுகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல வரும் விஷயம்.

பாம்பனைச் சேர்ந்த 66 வயது விசைப்படகு டிரைவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பதினைந்து வருஷமாகச் சுகர். கரையில் இருக்கும் நாட்களில் பிரஷர் மாத்திரை போடுவார், கடலுக்குப் போனால் விட்டுவிடுவார். இளவயதிலிருந்து பீடி. நெஞ்சுவலி என்று ராமநாதபுரம் போய், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பப்பட்டு, ஆஞ்சியோவில் மூன்று ரத்தக்குழாய்களிலும் அடைப்பு என்று தெரிந்திருக்கிறது. அறுவைக்கு முன் மருத்துவர் கேட்கிறார்:

“ஐயா, முன்னாடி எப்பவாவது வாதம் கீதம் வந்திருக்கா?”

“அதெல்லாம் இல்லைங்க சார்.”

பக்கத்தில் நிற்கும் மனைவி தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: “ஏங்க, தடைக்காலம் முடிஞ்சு மொத நாள் கடலுக்குப் போனப்ப வலது கை கொஞ்ச நேரம் வரலைன்னு சொன்னீங்களே.”

“அது சும்மா மரத்துப்போனது. பத்து நிமிஷத்துல சரியாயிருச்சு.”

இந்த மனிதர் கற்பனை. ஆனால் இந்தப் பேச்சு தமிழ்நாட்டின் எந்த இதய நோய்ப் பிரிவிலும் நடக்கக்கூடியது. பத்து நிமிஷத்தில் சரியானதால்தான் அவர் அதை நோயாகவே எண்ணவில்லை. மருத்துவம் அதற்கு நேர்மாறாகப் பார்க்கிறது. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைப்பட்டு, அடைப்பு தானாகக் கரைந்து, எல்லாம் பழையபடி ஆவதைத் தற்காலிகப் பக்கவாதம் என்கிறோம். அப்படி ஒன்று வந்தவருக்கு முழுப் பக்கவாதம் வரும் வாய்ப்பு அதிகம். பைபாஸ் மேசையில் அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. ஏற்கெனவே பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்திருப்பது, அனேகமாக எல்லா ஆய்வுகளிலும் முன்வரிசையில் நிற்கும் ஆபத்துக் காரணம். பக்கவாதம் அண்மையில் வந்திருந்து, இதயத்தின் நிலைமை அவசரமாக இல்லாவிட்டால், அறுவையைச் சில வாரங்களாவது தள்ளிவைப்பார்கள். மனைவி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

நாம் இப்போது அந்த மேசைக்கே போய்ப் பார்க்க வேண்டும். இதயத்தில் செய்யும் அறுவை ஏன் மூளையைத் தாக்குகிறது?

இதயத்தை நிறுத்திவிட்டு அதன் வேலையை ஓர் இயந்திரத்திடம் ஒப்படைக்கும் வழியை அமெரிக்க மருத்துவர் ஜான் கிப்பன் 1953 மே மாதம் ஒரு நோயாளியிடம் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்துகாட்டினார். காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இதயத் தமனியின் அடைப்பைத் தாண்டிப் பாதை போடும் முறையை, கிளீவ்லாந்தில் பணியாற்றிய அர்ஜென்டினாக்காரர் ரெனே ஃபவலோரோ 1967-இல் நிலைநாட்டினார். எட்டே ஆண்டுகளில் அது சென்னைக்கு வந்துவிட்டது. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் 1975-இல் செய்த பைபாஸ்தான் இந்தியாவின் முதல் பைபாஸ். இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு ஒரு மீனவர் இந்த அறுவைக்குப் போகிறார் என்றால், அது அங்கே தொடங்கிய வழியின் தொடர்ச்சி.

அந்த வழியில் ஒரு குறுகலான இடம் உண்டு. இதயத்திலிருந்து புறப்பட்டு மேல்நோக்கி எழும் பெருந்தமனிதான் அது. இயந்திரத்திலிருந்து வரும் ரத்தத்தை உடலுக்குள் செலுத்த அதில் ஒரு குழாயைச் செருக வேண்டும். இதயத்தை நிறுத்தி வைக்க அதை ஒரு கவ்வியால் இறுக்க வேண்டும். புதிதாகப் போடும் சிரையின் மேல்முனையைத் தைக்க அதில் துளை போட வேண்டும். வயதும் சுகரும் புகையும் சேர்ந்த பெருந்தமனியின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும். ராமநாதபுரம் பக்கம் உப்புத்தண்ணீர் ஓடிய பழைய இரும்புக் குழாயைப் பிளம்பர் ரிஞ்சு போட்டு முறுக்கினால், பிறகு குழாயைத் திறக்கும்போது துருப் பொருக்குகள் உதிர்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். கவ்வி இறுக்கும் இடத்திலும் அப்படித்தான் உதிர்கிறது. உதிர்ந்த பொருக்கு ரத்த ஓட்டத்தோடு மேலே போகிறது. மேலே முதலில் பிரியும் கிளைகள் மூளைக்குப் போகும் கிளைகள்.

1996-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக நிறுவியது. அமெரிக்காவின் 24 மருத்துவமனைகளில் பைபாஸ் செய்துகொண்ட 2,108 பேரை அந்த ஆய்வு பின்தொடர்ந்தது. பக்கவாதம் போன்ற கடுமையான மூளைப் பாதிப்பு சுமார் 3 சதவீதம் பேருக்கும், குழப்பம், அறிவுத்திறன் தடுமாற்றம் போன்றவை இன்னொரு 3 சதவீதம் பேருக்கும் வந்தன. கடுமையான பாதிப்பை முன்கூட்டிச் சொன்ன காரணங்களில் எல்லாவற்றையும்விடப் பெரியது, பெருந்தமனியின் தொடக்கப் பகுதியில் இருந்த படிவு. அந்தப் படிவு உள்ளவர்களுக்கு ஆபத்து நான்கு மடங்குக்கும் மேல்.

ஆக, பெருந்தமனி எப்படி இருக்கிறது என்று அறிவது முதல் வேலை. மார்பு எக்ஸ்ரேயில் பெருந்தமனியின் ஓரமாக வெண்கோடு தெரிந்தால் அது சுண்ணாம்புக்கான அடையாளம். முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், எக்ஸ்ரேயில் சந்தேகம் எழுந்தவர்கள் ஆகியோருக்கு மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதாரண மார்பு சிடி ஸ்கேன் போதும், சுண்ணாம்பு எங்கே எவ்வளவு என்று காட்டிவிடும். ஆனால் சுண்ணாம்பு ஏறாத மென்மையான கொழுப்புப் படிவு சிடியில் நழுவலாம், அறுவை நிபுணர் விரலால் தடவிப் பார்த்தாலும் நழுவும். அதைக் கண்டுபிடிக்க நெஞ்சைத் திறந்தபின் பெருந்தமனியின் மேலேயே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்ப்பது சிறந்த வழி. சில நிமிடங்களில் முடிகிற வேலை. இது எல்லா மருத்துவமனைகளிலும் வழக்கமாகிவிட வேண்டும் என்பது என் எண்ணம். இந்தச் சோதனையைப் பற்றி நோயாளியின் பிள்ளைகள் கேட்டால் எந்த நல்ல நிபுணரும் கோபப்பட மாட்டார்.

கழுத்துக்கு வருவோம். பைபாஸுக்கு முன் “கழுத்து ஸ்கேன் எடுத்தாச்சா?” என்று கேட்பவர்கள் இன்று ஊர்களிலும் இருக்கிறார்கள். கழுத்தின் இரு புறமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகளை டாப்ளர் ஸ்கேனில் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கழுத்தில் அடைப்பு இல்லாதவர்களுக்குப் பைபாஸின்போது பக்கவாத ஆபத்து 2 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு பக்கம் பாதிக்கு மேல் அடைத்திருந்து எந்த அறிகுறியும் இல்லாவிட்டால் 3 சதவீதம். இரு பக்கமும் அப்படியென்றால் 5. ஒரு தமனி முழுக்க அடைத்துப்போயிருந்தால் 7 முதல் 11 வரை. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் பிரிட்டன் மருத்துவர்கள் கொடுத்த கணக்கு இது.

படிப்படியாக ஏறும் இந்த எண்களைப் பார்த்தால், கழுத்து அடைப்பை முதலில் எடுத்துவிட்டு இதயத்துக்குப் போவதுதான் புத்தி என்று தோன்றும். அதே தொகுப்பு இன்னொன்றையும் சொன்னது: பைபாஸ் பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கழுத்தில் குறிப்பிடத்தக்க அடைப்பே இல்லை. கழுத்து அடைப்பு பல நேரம் ஓர் அடையாளம்தான். கழுத்தில் படிவு உள்ளவருக்குப் பெருந்தமனியிலும் படிவு இருக்கும், குற்றவாளி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறான். ஜெர்மனியிலும் செக் குடியரசிலும் கழுத்து அடைப்பு உள்ள, ஆனால் மூளை அறிகுறி இல்லாத சுமார் 130 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்குக் கழுத்தும் இதயமும் ஒன்றாக, மற்ற குழுவுக்கு இதயம் மட்டும். 2017-இல் முடிவு வந்தது. முப்பது நாளில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் சேர்த்துச் செய்த குழுவில் 18 சதவீதத்துக்கும் மேல், இதயம் மட்டும் செய்த குழுவில் 10-க்கும் கீழ். திட்டமிட்ட அளவுக்கு ஆட்கள் சேராமல் நின்றுபோன சிறிய ஆய்வு என்பதால் இதை இறுதித் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறிகுறியில்லாத ஒருபக்க அடைப்பைப் பயந்து முதலிலேயே நோண்ட வேண்டியதில்லை என்ற கருத்துக்கு அது பலம் சேர்த்தது.

அறிகுறி உள்ளவர் கதை வேறு. நம் பாம்பன் டிரைவருக்கு வலது கை வராமல் போனது கடந்த ஆறு மாதத்துக்குள் என்றால், இடப்பக்கக் கழுத்துத் தமனியில் கடுமையான அடைப்பும் இருந்தால், அந்த அடைப்பை முதலில் எடுப்பதா, பைபாஸோடு சேர்த்து எடுப்பதா என்று இதய நிபுணரும் நரம்பியல் நிபுணரும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். ஒரே ஸ்கேன் படம், இரண்டு மனிதர்கள், இரண்டு வேறு முடிவுகள். வித்தியாசத்தை உண்டாக்குவது மனைவி நினைவில் வைத்திருந்த அந்தப் பத்து நிமிஷம்.

எல்லோருக்கும் கழுத்து ஸ்கேன் தேவையா? 65 வயதைத் தாண்டியவர்கள், இதயத்தின் இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், நடந்தால் கெண்டைக்கால் வலித்து நின்றால் குறைகிறவர்கள், புகைப்பவர்கள், சுகரும் பிரஷரும் உள்ளவர்கள், பக்கவாத வரலாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு எடுக்கலாம் என்று அமெரிக்க வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நம் ஊரில் அந்தப் பட்டியலுக்குள் வராத பைபாஸ் நோயாளியைத் தேடத்தான் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வின் 2023 முடிவுப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய்.

இன்னொரு விஷயமும் நமக்கு உண்டு. மேற்கத்தியர்களோடு ஒப்பிட்டால் ஆசிய மக்களுக்கு மண்டை ஓட்டுக்குள்ளே இருக்கும் தமனிகளில் அடைப்பு அதிகம். கழுத்து டாப்ளர் அங்கே எட்டாது. கழுத்து நார்மல் என்று எழுதிய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாத அறிகுறி இருந்தவருக்கு எம்.ஆர். ஆஞ்சியோ எடுத்து மண்டைக்குள்ளேயும் பார்ப்பது நியாயமான கோரிக்கை.

மூளைக்கு வரும் ரத்தக்கட்டிகள் இதயத்துக்குள்ளேயே உருவாவதும் உண்டு. பெரிய மாரடைப்பு வந்து இதயத்தின் முன்சுவர் துடிக்காமல் போனால் அங்கே ரத்தம் தேங்கி உறையும். எக்கோவில் அதைத் தேடிப் பார்க்க வேண்டும். மேலறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில், இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் ரத்தம் உறைகிறது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு இதய அறுவை செய்யும்போதே அந்தப் பையையும் மூடிவிட்டால் என்ன என்று பார்த்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. 4,700-க்கும் மேற்பட்டவர்கள், சராசரியாக நாலு வருஷம். மூடாதவர்களில் 7 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ உடலின் வேறு பகுதியில் ரத்தக்கட்டி அடைப்போ வந்தது, மூடியவர்களில் 4.8 சதவீதம். ஏற்கெனவே இந்தத் துடிப்புக் கோளாறு இருப்பது தெரிந்தால்தான் இந்தக் கூடுதல் தையலைப் பற்றி யோசிக்கவே முடியும். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து அரை நிமிடம் நாடி பார்த்தாலே பலருக்குச் சந்தேகம் தெரிந்துவிடும். கிராமச் செவிலியரே செய்யக்கூடிய சோதனை.

ரத்த அழுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. பல வருஷம் உயர்ந்த பிரஷரோடு வாழ்ந்த மூளையின் ரத்தக்குழாய்கள் அந்த உயரத்துக்குப் பழகிப்போயிருக்கும். அறுவையின்போது இயந்திரம் கொடுக்கும் அழுத்தம் மற்றவர்களுக்குப் போதுமானதாக இருந்தாலும், இவருக்குக் குறைவாகிவிடலாம். இரண்டு தமனிகளின் எல்லைகள் சந்திக்கும் கடைமடைப் பகுதிகள்தான் முதலில் காயும். அழுத்தத்தை உயர்த்தி வைத்தால் நல்லது என்று 1995-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2018-இல் டென்மார்க்கில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வில் வித்தியாசம் தெரியவில்லை. விஷயம் இன்னும் தீரவில்லை. மயக்க மருந்து நிபுணருக்கு வேண்டியது, இந்த நோயாளியின் அன்றாட பிரஷர் எவ்வளவு என்ற உண்மையான எண். மாத்திரையை விட்டுவிட்டு விட்டுவிட்டுப் போட்டவர் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத கடற்கரையில், அந்த எண் நினைப்பதைவிட உயரமாகவே இருக்கக்கூடும்.

இத்தனை காரணங்களையும் ஒரு கணக்காக மாற்ற முடியுமா? மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 33,000 பைபாஸ் நோயாளிகளை வைத்து 2003-இல் ஒரு கணிப்பு முறை வந்தது. வயது, பெண்ணா ஆணா, சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, மற்ற ரத்தக்குழாய் நோய், இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன் 40 சதவீதத்துக்குக் கீழா, அறுவை அவசரமா. ஏழே கேள்விகள். படுக்கையோரம் நின்று கேட்டுவிடலாம். அமெரிக்க மார்பு அறுவை நிபுணர்கள் சங்கமான எஸ்.டி.எஸ். உருவாக்கிய கணிப்பானும் பக்கவாத வாய்ப்பைத் தனியாகக் காட்டுகிறது. நம் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் யூரோஸ்கோர் காட்டுவது மரண வாய்ப்பை மட்டும். “ரிஸ்க் 2 பர்சன்ட்” என்று சொன்னால், அது உயிருக்கான 2 சதவீதமா பக்கவாதத்துக்கான 2 சதவீதமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கணிப்பான்களில் பெருந்தமனியின் நிலை அடங்காது, உருவானதும் நம் மக்களை வைத்து அல்ல. அதனால் அவற்றை நான் பேச்சின் தொடக்கமாகவே எடுத்துக்கொள்வேன்.

எண் உயரமாக இருந்தால் அறுவையே கூடாது என்று பொருளில்லை. முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு 2009 ஜனவரியில் டெல்லி எய்ம்ஸில் இரண்டாவது முறையாகப் பைபாஸ் நடந்தபோது அவருக்கு வயது 76. சர்க்கரை நோயும் இருந்தது. எந்தக் கணிப்பிலும் ஆபத்து கூடுதலாகவே வந்திருக்கும். அறுவை முடிந்து அதே ஆண்டு மே மாதம் மீண்டும் பிரதமராகப் பதவியேற்றார்.

“பக்கவாத பயம் இருந்தால் ஸ்டென்ட் வைத்துவிட்டுப் போகலாமே?” என்று கேட்பது இயல்பு. ஸ்டென்ட் என்றதும் இந்தக் கரையோரத்தில் ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். ராமேஸ்வரத்தில் 1931-இல் பிறந்த அப்துல் கலாம், ஐதராபாத் இதய மருத்துவர் சோமா ராஜுவோடு சேர்ந்து 1990களில் குறைந்த விலையில் உள்நாட்டு ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். கலாம்–ராஜு ஸ்டென்ட் என்றே அது பெயர்பெற்றது. ஸ்டென்ட் வைக்கப் பெருந்தமனியைக் கவ்வ வேண்டியதில்லை. அதனால் பக்கவாதம் குறைவு. மூன்று குழாய் அடைப்பு அல்லது இடது முதன்மைத் தமனி அடைப்பு உள்ளவர்களை ஒப்பிட்ட சின்டாக்ஸ் ஆய்வில், முதல் வருஷத்தில் பக்கவாதம் வந்தவர்கள் பைபாஸில் 2.2 சதவீதம், ஸ்டென்டில் 0.6.

ஆனால் பக்கவாதத்தை மட்டும் எடைபோட்டால் தராசு சாய்ந்துவிடும். சர்க்கரை நோயாளிகளையே எடுத்துக்கொண்ட ஃப்ரீடம் ஆய்வு 2012-இல் வந்தது, 1,900 பேர். ஐந்து வருஷத்தில் பக்கவாதம் பைபாஸில் 5.2 சதவீதம், ஸ்டென்டில் 2.4. மரணம் பைபாஸில் 10.9, ஸ்டென்டில் 16.3. ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால், பைபாஸ் 28 பக்கவாதங்களைக் கூட்டி 54 உயிர்களைக் காக்கிறது. மாரடைப்பும் பைபாஸில் பாதிக்கும் கீழ். பல குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிக்குப் பக்கவாத பயத்தை மட்டும் காரணம் காட்டிப் பைபாஸைத் தவிர்ப்பது பெரும்பாலும் தவறான முடிவு என்பது என் கருத்து. பெருந்தமனி முழுக்கச் சுண்ணாம்பாகிப்போனவர், அண்மையில் பக்கவாதம் வந்தவர் போன்றவர்களிடம் இந்தக் கணக்கு மாறும். யாரிடம் மாறும் என்று சொல்லத்தான் முன்கூட்டிய சோதனை.

ஆபத்து தெரிந்துவிட்டால் அறுவையின் முறையையே மாற்றலாம். இதயத்தை நிறுத்தாமல், அது துடிக்கும்போதே செய்யும் பைபாஸ் இந்தியாவில் மிகப் பரவலாக நடக்கிறது. இயந்திரம் இல்லாவிட்டால் பக்கவாதமும் இருக்காது என்று முதலில் நம்பினார்கள். இந்தியா உட்பட 19 நாடுகளில் 4,752 பேரை வைத்து நடந்த கரோனரி என்ற ஆய்வின் முடிவு 2012-இல் வந்தபோது, பக்கவாதத்தில் இரு முறைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காரணத்தை யோசித்தால் மறுபடியும் பெருந்தமனிக்கே வந்து சேருகிறோம். இதயம் துடித்தாலும், சிரையின் மேல்முனையைத் தைக்கப் பெருந்தமனியின் ஓரத்தைக் கவ்வினால் பொருக்கு உதிரத்தான் செய்யும்.

பெருந்தமனியைத் தொடாமலே செய்யவும் வழி இருக்கிறது. மார்பெலும்புக்குப் பின்னால் இரு பக்கமும் ஓடும் மார்புத் தமனிகளின் மேல்முனை ஏற்கெனவே ரத்த ஓட்டத்தோடு இணைந்தே இருக்கிறது. கீழ்முனையை மட்டும் அறுத்து இதயத்தில் தைத்தால் போதும். தேவையான மற்றக் குழாய்களை இவற்றிலிருந்தே கிளையாகப் பிரித்துக்கொள்ளலாம். இயந்திரத்தோடு செய்யும் வழக்கமான பைபாஸோடு ஒப்பிட்டால் இந்த முறையில் பக்கவாதம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே குறைவதாக, 37,000-க்கும் அதிகமான நோயாளிகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு காட்டியது. பெரும்பாலும் குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வுகளின் தொகுப்பு என்பதால் அந்த எண்ணைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் திசை தெளிவு. விலையும் உண்டு: இரண்டு மார்புத் தமனிகளையும் எடுத்தால் சர்க்கரை நோயாளிகளுக்கு மார்பெலும்பு ஆறுவது தாமதமாகிச் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். இந்த முறைக்குத் தேர்ந்த கையும் வேண்டும். பெருந்தமனியில் படிவு இருக்கிறது என்று முன்பே தெரிந்தால், அந்தக் கை உள்ள இடத்தைத் தேடிப் போக நேரம் கிடைக்கும்.

பைபாஸ் பக்கவாதங்களில் ஏறத்தாழ பாதி, நோயாளி மயக்கம் தெளிந்து நன்றாகப் பேசிய பிறகே வருகின்றன. அறுவைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் புதிதாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், ஆனால் கட்டி உருவாக அந்த இடைவெளி போதும். அதனால்தான் இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரினைப் பொறுத்தவரை, அறுவை முடிந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கியவர்களுக்குப் பக்கவாதம் பாதியாகக் குறைந்திருந்ததாக 5,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. அறுவைக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலவற்றை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், சிலவற்றை அன்று காலை வரை போடச் சொல்வார்கள். “ஆபரேஷன்தானே, எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டோம்” என்று வருவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவது.

ராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால் பைபாஸுக்கு இந்த மாவட்டத்தார் இன்னமும் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போகிறார்கள். அதனால் இரண்டு காரியங்களை வீட்டிலேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். எப்போதாவது ஒரு கை, ஒரு கால், வாய், பேச்சு, ஒரு கண் பார்வை சற்று நேரம் வேலைசெய்யாமல் போயிருந்தால், எந்த மாதம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷம் என்று குடும்பத்தார் எல்லோரையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். போட்டுக்கொள்ளும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவையும் அதே தாளில் இருக்கட்டும்: எனக்குப் பக்கவாத வாய்ப்பு எவ்வளவு, என் பெருந்தமனி எப்படி இருக்கிறது, அதைத் தொடாமல் செய்ய முடியுமா.

வீடு திரும்பியபின் முகம் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, படுத்து எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். சாதாரணமாகப் பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரத்துக்குள் போடும் கட்டி கரைக்கும் ஊசியை, பெரிய அறுவை முடிந்த முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் போட மாட்டார்கள், ரத்தக்கசிவு ஆபத்து அதிகம். அப்போது மூளைக் குழாய்க்குள் கம்பியைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே 108-ஐ அழைத்ததும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: பைபாஸ் ஆகி இத்தனை நாள், கடைசியாக நன்றாக இருந்தது இத்தனை மணிக்கு.